தோட்டத்துக்கு மேலே கருங்கழுகு

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. போன தை மாதம் போயிருந்தபோது, உடம்பெல்லாம் கருப்பாக ஒரு பெரிய பறவை மரங்களுக்கு மேலேயே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கோழியைத் தூக்க வந்திருக்கிறது என்று ஆட்கள் தகரத்தைத் தட்டி விரட்டினார்கள். அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டைமாடியில் பருந்து தினமும் தெரியும். இதை ஒருநாளும் பார்த்ததில்லை. என்ன பறவை இது?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் குறுகி, நுனியில் விரல் விரித்த கை மாதிரி அகன்றிருந்ததா? காலும் அலகின் அடியும் மஞ்சளாகத் தெரிந்தனவா? அப்படியென்றால் அது கருங்கழுகு. மாடியில் நீங்கள் பார்க்கும் ஊர்ப்பருந்து வேறு. அதற்கு வால் நுனி உள்வாங்கியிருக்கும், உடம்பும் சிறியது. கருங்கழுகு இறக்கையை விரித்தால் ஏறக்குறைய ஐந்தடி.

நான் இதைக் கிட்டத்தில் பார்த்தது கரடியூர்ப் பக்கம். சரிவான இடம், ரோட்டில் நின்றால் கீழே உள்ள மரங்களின் தலை நம் கண்மட்டத்துக்கு வரும். கழுகு எனக்குக் கீழேயே போனது. இறக்கையை ஒருமுறைகூட அடிக்கவில்லை. தலையைக் குனிந்து, ஒவ்வொரு மரமாகத் துழாவிக்கொண்டே மிதந்தது. கொண்டைக்குருவிகள் கத்திக் கூச்சலிட்டன. திடீரென்று ஓர் இலைக்கொத்துக்குள் காலை விட்டு, கூட்டையே அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது! பறந்தபடியே அதற்குள் இருந்ததைத் தின்றது. இதற்கென்றே நகங்கள் நீளமாக, அதிகம் வளையாமல் இருக்கின்றன. பறவை முட்டை, குஞ்சு, அணில், எலி இவைதான் இதன் தீனி. உங்கள் கோழிகளுக்காக அது வரவில்லை என்று ஆட்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

சரி, அஸ்தம்பட்டியில் ஏன் இல்லை? இமயமலைச் சரிவிலிருந்து நம் மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகள், இலங்கை, அந்தப் பக்கம் ஜாவா, சுலவேசி வரைக்கும் கருங்கழுகு உண்டு. ஆனால் அத்தனை இடத்திலும் அதற்கு வேண்டியது மலையும், அதை மூடிய மரமும்தான். கூடு கட்டிய பறவைகள் நிறைந்த மரத்தலைகள் விட்டுப்போகாமல் தொடர வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, சேலத்தில் அதற்கு என்ன இருக்கிறது? மேலே மட்டும், காப்பிக்கு நிழல் தரும் பலா, அத்தி, நாவல் எல்லாம் சேர்ந்து அதற்கு ஒரு காடாகிவிடுகின்றன.

அதனால்தான் ஒரு விஷயம் எனக்கு ஆறவே இல்லை. எங்கள் தோட்டத்தை ஒட்டிய சரிவில், இரண்டு பேர் கைகோத்தாலும் எட்டாத அத்தி மரங்களை வெட்டிவிட்டு, மிளகுக்கொடி ஏற்ற வசதி என்று வெறும் சில்வர் ஓக்காக நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம் அது. நெட்டையாக வளரும், நிழலும் தரும். ஆனால் அத்திப்பழத்துக்கு வந்த குருவிகள் அங்கே வருவதில்லை. கழுகும் அந்தச் சரிவைச் சுற்றாமல் தாண்டிப் போகிறது.

தை மாதம் பார்த்தேன் என்கிறீர்களே, அது முக்கியம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் கருங்கழுகு இங்கே கூடு கட்டும். உயரமான மரத்தில் குச்சிகளை அடுக்கி, ஒரே ஒரு முட்டை, எப்போதாவது இரண்டு. சித்திரை முடியும்வரை தகரச் சத்தம் வேண்டாம். பெரிய மரங்களில் கிளை கழிக்கும் கவாத்து வேலையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு ஒன்று மட்டும்தான் பறந்ததா, இல்லை ஜோடியாகவா? நினைவிருந்தால் எழுதுங்கள்.