ஃபைன் நோட்டு: கடிதமும் பதிலும்

சார், கடலூர்ல ஒரு காலேஜ்ல லைப்ரரியனா இருக்கேன். எல்லா தரப்பு பசங்களுக்குமான லைப்ரரியா மாத்தணும்னு சொல்லி கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்காங்க. தலித் இலக்கியம், மீனவர் வாழ்க்கை, திருநங்கைகள் எழுதினதுன்னு லிஸ்ட் போட்டுட்டேன். ஆனா மீனவர் குப்பத்து பசங்க உள்ளயே வர்றதில்ல. இன்னும் என்ன வாங்கலாம்?

வணக்கம்மா,

லிஸ்ட் நல்லாருக்கு, வாங்குங்க. அதுக்கு முன்னாடி கவுன்டர்ல கெடக்குற ஃபைன் நோட்டை எடுத்து, யார் பேர்ல பாக்கி நிக்குது, எந்த மாசத்துலேர்ந்து நிக்குதுன்னு பாருங்க.

என்கூட சோனாங்குப்பத்து பையன் ஒருத்தன் படிச்சான், அவங்கப்பா விசைப்படகுல கூலிக்கு போறவர். அப்ப மீன்பிடி தடைக்காலம் 45 நாள், இப்பதான் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். வீட்ல காசு கெடையாது, எடுத்த ரெண்டு புக்குக்கும் நாளைக்கு ஒரு ரூபான்னு ஏறிக்கிட்டே போச்சு, ஃபைனுக்கு பயந்து புக்கை தரல, புக்கை தராததால உள்ள வரல. நவம்பர்ல ஹால் டிக்கெட்டுக்கு நோ டியூ, அதாவது பாக்கி இல்லைங்கற சீட்டு, கேட்டப்ப அவங்கம்மா கருவாடு வித்த காசை முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வந்துச்சு. அந்த பத்து ரூபா நோட்டுங்கள லைப்ரரியன் ரெண்டு விரல்ல புடிச்சு டிராயர்ல போட்டாரு. பக்கத்துல நின்னு அத பாத்தவன் அப்புறம் எங்க வருவான்? 2015 வெள்ளத்துல நனஞ்ச புக்குக்கு விலை கட்டச் சொன்ன கதையும் ஒண்ணு கேட்டிருக்கேன், அது தனி.

நம்ம சீர்காழிக்காரர், நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லயே சொன்ன மொத விதி, புத்தகம் பயன்படுத்தறதுக்குன்னு, நீங்க மனப்பாடமே பண்ணிருப்பீங்க. அந்த விதிக்கு கீழ அவர் பேசறது லைப்ரரி எங்க இருக்கணும், எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கணும், மேசை நாற்காலி, உள்ள உக்காந்திருக்கற ஆளு, இதெல்லாம்தான்.

அதனால தடைக்காலத்துல ஃபைன் ஓடாதுன்னு பிரின்சிபால்கிட்ட பேசி ஒரு நோட்டீஸ் ஒட்டுங்க. லைப்ரரிக்கு கோஹா சாஃப்ட்வேர் வச்சிருந்தா காலண்டர்ல லீவு நாள் குறிச்சா அந்த நாளுக்கு ஃபைன் போடாம இருக்க செட்டிங் இருக்கு. யாருக்குமே ஃபைன் ஓடக்கூடாது, குப்பத்து பசங்களுக்கு மட்டும் சலுகைன்னு போட்டீங்கன்னா ஒருத்தனும் வரமாட்டான்.

புக்கும் அப்படித்தான். தலித் நாவல் வந்தா, புக்கை பாடவாரியா அடுக்கற டியூயி நம்பர்ல 305-ல சமூகவியலோட சொருகிடறாங்க, இல்ல போர்டு மாட்டி தனி ரேக்குல வச்சு போட்டோ எடுக்கறாங்க. நாவல்னா தமிழ் இலக்கியத்துக்கான 894.811-ல மத்த தமிழ் நாவலோடயே இருக்கட்டும்.

நோட்டை பாத்துட்டு எழுதுங்க, அதுல எத்தன பேர் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு மாதிரி மீனவர் ஊர்க்காரங்கன்னு.