கடுகுரோகிணி அழுகுகிறது, எந்த மருந்து ஊற்றலாம்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குத் தேயிலை. விலை கட்டாததால் பத்து சென்ட்டில் கடுகுரோகிணி மூலிகை வைத்தேன். நாற்று கொடுத்த வியாபாரி, மூன்றாம் வருஷம் வேரைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஐப்பசி மழையில் இலை கருத்து, இழுத்தால் செடி கையோடு வருகிறது. அவர் கொடுத்த டானிக்கும் அடித்துப் பார்த்துவிட்டேன். எந்தப் பூஞ்சாணக்கொல்லி ஊற்றினால் பிழைக்கும்?

பதில்: ஐயா, கையோடு வருகிற செடியை எந்த மருந்தும் காப்பாற்றாது. மண்ணோடு தோண்டித் தோட்டத்துக்கு வெளியே போடுங்கள். மிச்சத்துக்குப் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, வடிகால் வெட்டி, நன்றாக மக்கிய தொழுவுரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, வேரழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சாணத்தைக் கலந்து இடுங்கள். டானிக்கை இன்றோடு நிறுத்துங்கள். வேரே போன செடிக்கு இலையில் அடித்து என்ன பயன்?

இந்தச் செடி நம் மலையில் நிற்குமா என்றுதான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். இமயத்தில் 3,000 மீட்டருக்கு மேல், மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில் பாறை இடுக்குகளில் படர்வது ரோகிணி. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். உயரத்தைவிட முக்கியம் அதன் உறக்கம். அங்கே ஐப்பசியோடு இலை காய்ந்துவிடும். குளிர்காலம் முழுக்க வேர்த்தண்டு மட்டும் பனிக்குக் கீழே கிடக்கும். பனி உருகியதும் துளிர்த்து, ஆனி, ஆடியில் ஊதா கலந்த நீலக் கதிராகப் பூக்கும். அது ஓய்வுக்குப் போகிற அதே ஐப்பசியில்தான் உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. தூங்க வேண்டிய வேர் ஈரத்தில் ஊறினால் அழுகாமல் என்ன செய்யும்?

அடுத்து அந்த நாற்று. துண்டு எடுக்கிற தாய்ச்செடிகள் வளரும் தாய்ப்பாத்தியைக் கண்ணால் பார்க்காமல் ரோகிணி நாற்று வாங்கவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஓடுதண்டு விட்டுக் கணுவுக்குக் கணு வேர்பிடிக்கிற செடி இது. வேரோடு ஒரு துண்டு நறுக்கி நட்டால் புதுச் செடி. நேர்மையாக வளர்ப்பவரிடம் தாய்ப்பாத்தி கட்டாயம் இருக்கும். இல்லாதவருக்கு நாற்று எங்கிருந்து வருகிறது? மலையிலிருந்து பிடுங்கித்தான். மருந்து வேரில் இருப்பதால் செடியை முழுசாகப் பறிக்கிறார்கள், புல்வெளிகள் காலியாகின்றன. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இது சேர்ந்ததும் அதனால்தான். மீதமுள்ள ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். பழைய தழும்பும் அறுபட்ட முனையுமாகத் தடித்த வேர்த்தண்டு இருந்தால், காட்டுச் செடி என்றே நான் சந்தேகப்படுவேன்.

வேரை வாங்கிக்கொள்கிறேன் என்று வாயால் சொல்கிற வியாபாரிக்கு லாபம் நாற்றிலேயே முடிந்துவிட்டது. மூன்றாம் வருஷம் அவர் போன் எடுப்பார் என்று நம்பாதீர்கள். எழுத்தில் ஒப்பந்தமும், பயிரிட்ட நாற்றுதான் என்பதற்குச் சான்றும் கேளுங்கள். தரத் தயங்கினால் இன்னொரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

காலியான இடத்தில் மறுபடி ரோகிணி வேண்டாம். வடிகாலைச் சரிசெய்த பிறகு ரோஸ்மேரியோ தைமோ போன்ற வாசனைச் செடி வையுங்கள். இரண்டும் நீலகிரியில் பழகிய பயிர்கள். எதை நட்டாலும், வாங்குபவரிடம் முதலில் விலை பேசிவிட்டுப் பாத்தி போடுங்கள்.