உருளை ஆள்கூற்றில் அச்சில் வரும் பூச்சிய வகுத்தலை எப்படித் தவிர்ப்பது?

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: குழாய்க்குள் பாயும் நீரை உருளை ஆள்கூற்றில், அதாவது இடத்தை நடு அச்சிலிருந்துள்ள தூரத்தால் (ஆரையால்) குறித்து, கணிக்கும்போது நடு அச்சில் ஆரை பூச்சியம், ஆரையால் வகுக்கும் உறுப்பு வெடித்துவிடுகிறதே?

பிழை சமன்பாட்டில் இல்லை தம்பி, கணிப்புக்காகக் குழாயைச் சிறு துண்டுகளாகப் பிரித்து வலை போட்ட விதத்தில்தான். வயல்கிணற்றுக்குள் இறக்கும் சீமெந்து வளையத்தை நினைத்துப் பாரும். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் வருவதையும் போவதையும் கணக்குப் பார்க்கும் முடிவுள்ள கனவளவு முறையில் ஒவ்வொரு கலமும் (துண்டும்) அப்படியொரு வளையம். உள்ளே போகப்போகச் சிறுத்து, கடைசிக் கலம் ஓட்டையில்லாத உருளையாகிவிடும். அதன் உள்முகம் அச்சேதான். பரப்பு பூச்சியம், அதனூடு எதுவும் பாயாது. வேகத்தைக் கலத்தின் நடுவில், அதாவது அச்சிலிருந்து அரைப்படி (கலத்தின் பாதி அகலம்) தள்ளி வைத்தால் பூச்சியத்தால் வகுக்கவே வராது.

வகையீட்டை அடுத்தடுத்த புள்ளிகளின் வித்தியாசத்தால் கணிக்கும் முடிவுள்ள வித்தியாச முறையில் அச்சிலேயே புள்ளி வேண்டுமென்றால் லோபிதால் விதிதான்: பூச்சியத்தின் கீழ் பூச்சியம் வந்தால் மேலையும் கீழையும் தனித்தனியே வகையிட்டு எல்லை காண்பது. சமச்சீரால் அங்கே அச்சுத்திசை வேகத்தின் சாய்வு பூச்சியம். ஆகவே வகுத்தல் உறுப்பு இரண்டாம் வகையீடாகி, சமன்பாட்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டாம் வகையீட்டோடு சேர்ந்து 2 மடங்காகும். அந்த 2 ஐ விட்டுவிட்டு நானும் ஒருநாள் முழுக்கப் பிழை தேடியிருக்கிறேன்.

சரி, நிரலைச் சோதிக்க நீண்ட நேர்க்குழாயில் அடுக்கு ஓட்டத்தை (நீர் கலங்காமல் அடுக்கடுக்காகப் பாய்வது) ஓட்டிப் பாரும்: நடுவேகம் சராசரியின் 2 மடங்கு வரவேண்டும். வயலுக்கு இறைக்கும் 2 அங்குலக் குழாயோடு ஒப்பிடவேண்டாம், அதில் ஓடுவது சுழித்துக் கலந்து பாயும் கொந்தளிப்பு ஓட்டம்.