தினசரி ஓட்டும் காரில் பின்பக்க ஸ்வே பாரைத் தடிமனாக்கலாமா?

கேள்வி: "கோலாலம்பூரில் தினமும் வேலைக்கு ஓட்டும் முன்சக்கர இயக்க செடான் என்னுடையது. வளைவுகளில் கார் நிறையச் சாய்கிறது, மூக்கு வெளியே தள்ளுகிறது. பின்பக்கம் இப்போது இருக்கும் ஸ்வே பார் 16 மி.மீ. கடையில் 19, 22 என்று இரண்டு அளவு காட்டுகிறார்கள். எதைப் போடலாம்?"

19 போடலாம், 22 வேண்டாம். ஸ்வே பார் என்பது இடது, வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பி. மூக்கு தள்ளுவது என்றால், ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வளைவின் வெளிப்பக்கம் போவது. அந்த 19ஐயும் டயர், புஷ் (கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர்), அலைன்மென்ட் மூன்றையும் பார்த்த பிறகு போடுங்கள். கடையில் பேசுகிறவர்கள் காய்ந்த சாலையை மனதில் வைத்துப் பேசுவார்கள். நம் ஊரில் மழைச் சாலையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நான் செந்தூலில் இருக்கிறேன். என் காரிலும் 16இலிருந்து 19க்குத்தான் மாறினேன். வேலைக்கு ஜாலான் கூச்சிங், சில ஞாயிறுகளில் பத்துமலையிலிருந்து உலு யாம் போகும் சுங்கை துவா மலைச்சாலை, மாமியார் வீட்டுக்கு மெந்தகாப் போகும்போது காராக் நெடுஞ்சாலை என்று எல்லா வகைச் சாலையிலும் பல ஆண்டுகளாக அதை ஓட்டிவருகிறேன். பந்தயத் தடத்துக்குப் போகும் கார் அல்ல. பின் இருக்கையில் அம்மாவும் பிள்ளைகளும் உட்காரும் கார். என் பதிலை அப்படி ஒரு காருக்கான பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எண்களைப் பார்ப்போம். 16க்கும் 19க்கும் மூன்று மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் திடமான கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்துக் கூடுகிறது. மற்ற அளவுகள் எல்லாம் ஒன்றாக இருந்தால், 19 மி.மீ. கம்பி 16 மி.மீ. கம்பியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பானது. 22 மி.மீ. என்றால் மூன்றரை மடங்கு. உள்ளே குழாயாக இருக்கும் கம்பியா என்றும் கேளுங்கள். வெளிவிட்டம் 22, உள்விட்டம் 16 உள்ள குழாய்க் கம்பி, 20 மி.மீ. திடக் கம்பியைவிடச் சற்றே அதிக விறைப்புடையது, அவ்வளவுதான். எடை மட்டும் நன்றாகக் குறையும். கம்பியின் முனையில் இரண்டு மூன்று துளைகள் இருந்தால், லிங்க்கை, அதாவது கம்பியின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சிறு தண்டை, உள்துளைக்கு மாற்ற மாற்றக் கம்பியின் கை (முனையில் வளைந்து நீளும் பகுதி) குறுகி விறைப்பு ஏறும். ஆகவே அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து வாங்க முடியாது. திடமா குழாயா, எத்தனை துளை, கையின் நீளம் எவ்வளவு என்று கேட்டால், விற்பவருக்குச் சரக்கு தெரியுமா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

இனி அது செய்யும் வேலை. நேராக ஒரு வேகத்தடையில் ஏறினால் இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றாக எழுகின்றன. அப்போது கம்பி தன் புஷ்ஷுக்குள் சும்மா திரும்பிக்கொடுக்கிறது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அமுங்கி உட்பக்கச் சக்கரம் தொங்கும்போதுதான், ஈரத் துண்டைப் பிழிவதுபோல் அது முறுக்கப்படுகிறது. முறுக்கை எதிர்க்கும் அந்த விசை சாய்வைக் குறைக்கிறது.

சாய்வு குறைவதைத்தான் பெரும்பாலோர் பயன் என்று நினைக்கிறார்கள். உண்மையான வேலை வேறு. வளைவில் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு எவ்வளவு எடை மாறும் என்பதை, காரின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறோம் என்பவை தீர்மானிக்கின்றன. எந்தக் கம்பியாலும் அந்த மொத்தத்தைப் பெரிதாகக் குறைக்க முடியாது. முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு என்ற பங்கீட்டைத்தான் கம்பி மாற்றுகிறது. டயரின் மீது எடை இரட்டிப்பானால் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே எந்த அச்சில் எடை அதிகமாக ஒரு பக்கம் ஒதுங்குகிறதோ, அந்த அச்சின் இரண்டு டயர்களும் சேர்ந்து தரும் பிடிமானம் குறைகிறது. பின்பக்கக் கம்பியைத் தடிமனாக்கும்போது அந்த ஒதுக்கத்தில் அதிகப் பங்கைப் பின் அச்சு ஏற்கிறது. முன் அச்சின் பங்கு குறைகிறது, மூக்கு உள்ளே திரும்புகிறது. நீங்கள் கேட்பதும் அதைத்தான். ஆனால் காருக்கு அங்கே புதிதாகப் பிடிமானம் எதுவும் கிடைக்கவில்லை. பின் டயர்களிடமிருந்து எடுத்து முன் டயர்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

பின் டயர்களிடம் கொடுப்பதற்கு மிச்சம் இருக்கிறதா என்பதுதான் மழையில் எழும் கேள்வி. கோலாலம்பூரில் ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும் வேலை முடிந்து கிளம்பும் நேரத்துக்குச் சரியாக இடிமழை இறங்கும். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தாரின் மேல் எண்ணெயும் தூசியும் படிந்திருக்க, மழையின் முதல் சில நிமிடங்களில் சாலை மிக மோசமாக வழுக்கும். அந்த நேரத்தில் நெடுஞ்சாலையிலிருந்து கீழே சுற்றி இறங்கும் ஒரு வளைபாதையில் சற்று வேகமாக நுழைந்துவிடுகிறீர்கள். முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்கு தெரிகிறது. கால் தானாகவே ஆக்சிலரேட்டரை விடுகிறது. எடை முன்னோக்கிச் சாய்ந்து பின் டயர்கள் இலகுவாகின்றன. தடித்த கம்பி இருந்தால் உட்பக்கப் பின்சக்கரம் ஏற்கெனவே தரையை லேசாகத்தான் தொட்டுக்கொண்டிருக்கும். வால் வெளியே வரத் தொடங்குவது அந்தக் கணத்தில்தான். மூக்கு தள்ளும் கார் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தள்ளும். காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். வால் வீசும் காரில் அதே காலை எடுப்பதுதான் நிலைமையைக் கெடுக்கும். சாலைக் கார்களைத் தயாரிப்பவர்கள் மூக்கு தள்ளும் குணத்தை வேண்டுமென்றே வைத்து அனுப்புவதற்குக் காரணம் இதுதான். பந்தயக் குழுக்கள்கூட மழை வந்தால் ஸ்வே பாரைத் தளர்த்துகின்றன, சில நேரம் கழற்றியே விடுகின்றன. அலுவலகத்திலிருந்து புறப்படும் நமக்கு மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது. மாட்டியது மாட்டியபடிதான் ஓடும். அதனால்தான் 22 வேண்டாம் என்கிறேன்.

டயர் விஷயத்தில் நம் ஊரில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. எனக்கு அது மிகுந்த கவலை தருகிறது. முன்சக்கர இயக்கக் காருக்கு இரண்டு டயர் மட்டும் வாங்கினால், புதியதை முன்னால் போட்டு, தேய்ந்ததைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம்தானே என்பது அவர்கள் சொல்லும் நியாயம். டயர் தயாரிப்பாளர்கள் சொல்வது இதற்கு நேர்மாறு: நல்ல ஜோடி பின்னால் இருக்க வேண்டும். தேங்கிய நீரில் முன் டயர் மிதந்தால் ஸ்டியரிங் இலேசாவது கைக்குத் தெரியும், வேகத்தைக் குறைக்க நேரம் கிடைக்கும். பின் டயர் மிதந்தால் தெரியும்போதே கார் திரும்பியிருக்கும். தேய்ந்த பின் டயரும் தடித்த பின் கம்பியும் ஒரே காரில் சேரவே கூடாது. மலேசியச் சட்டப்படி டயர்ப் பள்ளத்தின் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ.; இந்த மாற்றத்தைச் செய்கிறவர் அந்த எல்லைவரை பின் டயரை ஓட்டக்கூடாது. நான் 3 மி.மீ. வந்தாலே மாற்றிவிடுகிறேன். நான்கும் ஒரே வகை டயராக இருப்பது இன்னும் நல்லது. காற்று, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி இருக்கட்டும். அலைன்மென்ட் போடும்போது பின்சக்கரங்களின் டோ அளவையும் (சக்கரம் உட்பக்கமோ வெளிப்பக்கமோ பார்த்து நிற்கும் அளவு) தாளில் அச்சிட்டுக் கேளுங்கள். பின்சக்கரங்கள் வெளிப்பக்கம் பார்த்து நின்றால் எந்தக் கம்பியும் வேண்டாம், கார் தானே அலையும்.

அடுத்து இப்போது இருக்கும் 16 மி.மீ. கம்பியைப் பாருங்கள். பத்து வருடக் காரில் அது முழுதாக வேலை செய்கிறதா என்பதே சந்தேகம். காரின் பின்பகுதியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கை விளக்கோடு கீழே போய்ப் பாருங்கள். கம்பியைக் காரின் அடிச்சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு ரப்பர் புஷ்களில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நல்ல ரப்பர் கம்பியைக் கவ்விப் பிடித்திருக்கும். கெட்டுப்போனது ஓரத்தில் வெடித்து, கம்பிக்கும் ரப்பருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும். புஷ்ஷின் பக்கவாட்டில் கம்பியின் பெயின்ட் தேய்ந்து, பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால், கம்பி இடமும் வலமும் நழுவியிருக்கிறது என்று பொருள். பிறகு லிங்க்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். பந்து மூட்டில் 'டொக்' என்று ஒரு சிறு அசைவு கைக்கு எட்டினால் லிங்க் போய்விட்டது. தாமான் (குடியிருப்புப் பகுதி) சாலைகளின் பள்ளங்களில் மெதுவாக இறங்கும்போது பின்னால் கேட்கும் அந்தத் தட்டல் சத்தம் பல கார்களில் இதுதான். புஷ், லிங்க் இரண்டையும் மாற்றிவிட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். உங்கள் குறை அதோடு தீர்ந்துபோகக்கூடும். தீரவில்லை என்றால் 19க்குப் போங்கள்.

19 போட்டதும் என்ன மாறும் என்றால், முதல் ரவுண்டானாவிலேயே தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் ஒரு நொடி யோசிக்காமல் உடனே திரும்பும். சுங்கை துவா சாலையில் இடமும் வலமுமாக அடுத்தடுத்து வரும் வளைவுகளில், ஒரு பக்கச் சாய்விலிருந்து மறுபக்கச் சாய்வுக்கு மாறும் அந்தத் தள்ளாட்டம் நன்றாகக் குறையும். எனக்கு அது இன்றும் மகிழ்ச்சி தருகிறது. பிரேக் போடும்போது மூக்கு அமுங்குவதில் இது ஒன்றும் செய்யாது. இதற்குக் கொடுக்கும் விலையை உணர்வது பின் இருக்கையில் இருப்பவர்கள். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது, கம்பி அந்த அதிர்ச்சியை மறுபக்கச் சக்கரத்துக்கும் கடத்துகிறது. காரின் உடல் பக்கவாட்டில் வெட்டி ஆடும். பழுதுபார்க்கும் குழிமூடிகள் நிறைந்த நகரச் சாலைகளில் என் அம்மாவின் தலை கண்ணாடிப் பக்கம் ஆடுவதை நான் பின்னோக்குக் கண்ணாடியில் பார்க்கிறேன். 19இல் அது தாங்கக்கூடிய அளவு. நண்பர் ஒருவரின் காரில் 22 இருக்கிறது. அவர் வீட்டில் யாரும் அதில் பின்னால் உட்கார விரும்புவதில்லை.

உங்கள் காரில் ஏற்கெனவே கம்பி இருப்பதால் வேலை எளிது. மைவி, வியோஸ், சிட்டி போன்ற கார்களின் பின்னால் இருப்பது டார்ஷன் பீம். குறுக்கே ஓடும் அந்த பீமே முறுகி ஸ்வே பார் வேலையையும் செய்கிறது. அவற்றுக்கு விற்கப்படும் கம்பி, இரு பக்கக் கைகளிலும் போல்ட் போட்டு இணைக்கும் கூடுதல் கம்பி. அதை பீமில் வெல்டிங் செய்து ஒட்ட யாராவது முன்வந்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். 1990களின் ஹோண்டா சிவிக் வைத்திருப்பவர்களுக்கு வேறு எச்சரிக்கை உண்டு. பின்பக்கம் மிகத் தடித்த கம்பியைப் போட்டால், அதைப் பிடித்திருக்கும் அடிச்சட்டத்தின் தகடே கிழிந்துவிடக்கூடும். வலுவூட்டும் தகடு போடாமல் அந்தக் கார்களில் கை வைக்கக்கூடாது. பின்சக்கர இயக்கக் கார்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அங்கே பின்பக்க விறைப்பு, இழுவையையே கெடுக்கும்.

மாட்டும்போது ஒன்றைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி லிங்க்கை மாட்டினால், கம்பி முறுகிய நிலையிலேயே இறுகிவிடும். இரண்டு பின்சக்கரங்களும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். கடைசி இறுக்கத்தைக் காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகு, டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சைலன்சர் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள், ஏபிஎஸ் வயர், பிரேக் ஹோஸ் இவற்றில் எதையும் கம்பி உரசவில்லை என்பதைச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் முழுதாக அமுங்கும்போதும் பார்க்க வேண்டும். புதிய கம்பியோடு வரும் பாலியூரிதேன் புஷ்களுக்கு அதற்குரிய கிரீஸை உள்ளே தாராளமாகத் தடவுங்கள். தடவாவிட்டால் சில வாரங்களில் கிரீச்சிடும். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுதித் தெரிவித்து, அவர்கள் தரும் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியின் முனையில் பல துளைகள் இருந்தால், விறைப்பு மிகக் குறைவாக இருக்கும் வெளித்துளையில்தான் தொடங்க வேண்டும். முதல் மழை வரும்வரை துளையை மாற்றாதீர்கள். மழை பெய்த ஒரு காலையில், காலியான பெரிய கார் நிறுத்துமிடத்தில் அனுமதி கேட்டு, குறைந்த வேகத்தில் வட்டமாக ஓட்டிப் பாருங்கள். சீராகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள். மூக்கு சற்று உள்ளே திரும்பி கார் அடங்கினால் சரி. வால் நகர்ந்து ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டி வந்தால், உங்கள் காருக்கு அந்தக் கம்பி அதிகம். பழையதையே திரும்ப மாட்டுங்கள். ஆகவே கழற்றிய 16 மி.மீ. கம்பியைப் பட்டறையில் விட்டுவராமல், போல்ட், பிராக்கெட்டோடு வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள். புதிய போல்ட்களை 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.