பிசுபிசுக்கும் டைனோசர்: வெயிலில் வைக்காதீர்கள்

தேவகோட்டை நண்பருக்கு, மகளின் சைனோசாரோப்டெரிக்ஸ் டைனோசர் பொம்மைக்கு அடித்த எனாமல் ஸ்பிரே ஒரு மாதமாகியும் ஒட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது ஈரமல்ல, வெயிலில் வைத்துக் காயவைக்க. பொம்மையின் மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கை வளையவைக்கும் எண்ணெய் போன்ற பொருள் கசிந்து, எனாமலை இறுகவிடாமல் செய்கிறது. காரைக்குடியில் நானும் ஒரு ஸ்டெகோசாரஸ் பொம்மையை இப்படிக் கெடுத்தேன். முதுகுத் தகட்டில் என் விரல் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல் பிரஷால் பொறுமையாகத் தேய்த்து எடுங்கள். அசிட்டோன் வேண்டவே வேண்டாம், பொம்மையே இளகிவிடும். சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்ந்ததும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டை மெல்லிய பூச்சுகளாகக் கொடுங்கள்.

வாலுக்குப் பச்சை வேண்டாமே! புதைபடிவ நிறமித் துகள்களை ஆராய்ந்து, சைனோசாரோப்டெரிக்ஸின் வாலில் இருந்தவை செம்பழுப்பும் வெள்ளையுமான பட்டைகள் என்று 2010இல் கண்டறிந்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லின் காவிச் சிவப்போடு சிறிது பழுப்பு சேர்த்துப் பாருங்கள்.