ஆசிரியர் சான்றிதழோடு சேர்ந்த முதுநிலைப் படிப்பு: அமெரிக்காவில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: சென்னையில் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். சில வருடம் ஐ.டி. வேலை பார்த்தேன். இப்போது குடும்பத்தோடு அமெரிக்காவில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியராக வேண்டும் என்று ஆசை. ஆசிரியர் சான்றிதழோடு சேர்ந்த முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்? மூன்று வருடப் பட்டத்தை ஏற்பார்களா?

நானும் இந்த வழியாக வந்துதான் இங்கே ஒரு நடுநிலைப் பள்ளியில் கணிதம் எடுக்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவ ஆசிரியர்கள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் பல்கலைக்கழகப் பட்டியலை முதலில் எடுத்து வைத்துக்கொண்டுதான் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். நீங்கள் அங்கிருந்து தொடங்க வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில்.

சான்றிதழைக் கொடுப்பது பல்கலைக்கழகம் கிடையாது, மாநிலம். பல்கலைக்கழகம் பட்டம் தரும். இவர் எங்கள் பயிற்சியை முடித்துவிட்டார் என்று மாநிலக் கல்வித் துறைக்குப் பரிந்துரையும் செய்யும். உரிமம், அதாவது அந்தச் சான்றிதழ், தருவதா வேண்டாமா என்று பார்ப்பது மாநிலம். அதனால் எந்த மாநிலத்தில், எந்தப் பாடத்தை, எந்த வகுப்புகளுக்கு எடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த உரிமத்துக்கு என்னென்ன வேண்டும் என்று மாநிலத்தின் இணையதளத்தில் படியுங்கள். அதற்கு எந்தப் படிப்பு ஒத்துவருகிறது என்று பிறகு தேடுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு உதாரணம். நியூயார்க்கில் முதல் சான்றிதழ் வாங்கியபின், ஐந்து வருடத்துக்குள் முதுநிலைப் பட்டம் இருந்தால்தான் அடுத்த கட்டச் சான்றிதழுக்குப் போக முடியும். அங்கே முதுநிலையையும் பயிற்சியையும் ஒன்றாக முடிப்பது புத்திசாலித்தனம். கலிஃபோர்னியாவில் இளநிலைக்குப் பிறகு ஆசிரியர் பயிற்சியை மட்டும் முடித்தாலே போதும், முதுநிலை கட்டாயம் இல்லை. அங்கே இருப்பவர் முதுநிலைக்குக் கூடுதல் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை யோசிக்க வேண்டும். எடுக்கப் போகும் பாடம் உங்களுக்குத் தெரியுமா என்று சோதிக்கும் பாடத் தேர்வுகளும் இப்படித்தான். பல மாநிலங்களில் பிராக்சிஸ், டெக்சாஸில் டெக்ஸஸ், மாசசூசெட்ஸில் எம்டெல். பிராக்சிஸ் ஒரே தேர்வாக இருந்தாலும் தேர்ச்சி மதிப்பெண் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. கலிஃபோர்னியாவில் 2021 முதல், கல்லூரியில் படித்த பாடங்களைக் காட்டியே பாடத் தேர்வைத் தவிர்க்க முடிகிறது. மாணவ ஆசிரியர்களைப் பாடாய்ப் படுத்திய எட்-டி.பி.ஏ. என்ற மதிப்பீட்டை நியூயார்க் 2022-இல் கைவிட்டது. தெரிந்தவர் ஒருவர் சில வருடம் முன்பு என்ன செய்தார் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அடுத்து, படிப்பின் பெயர். எம்.ஏ.டி. (மாஸ்டர் ஆஃப் ஆர்ட்ஸ் இன் டீச்சிங்) என்ற பட்டம் உங்களைப் போல ஏற்கெனவே ஒரு பாடத்தில் பட்டம் வாங்கியவர்களை ஆசிரியராக்குவதற்கென்றே வந்தது. ஹார்வர்டில் 1936-இல் தொடங்கினார்கள். எம்.எட். பெரும்பாலும் ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கானது. ஆனால் சில இடங்களில் எம்.எட். படித்தாலும் முதல் உரிமம் கிடைக்கும், சில முதுநிலைப் படிப்புகள் பெயரைப் பார்த்தால் ஆசிரியர் பயிற்சி மாதிரி இருக்கும், உரிமத்துக்கு வழியே இருக்காது. அதனால் நேரடியாகக் கேளுங்கள்: இதுவரை உரிமமே இல்லாத ஒருவர் இந்தப் படிப்பை முடித்தால், இந்த மாநிலத்தின் முதல் ஆசிரியர் உரிமத்துக்குப் பரிந்துரைப்பீர்களா? பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் படிப்பு என்றால் இது இன்னும் முக்கியம். உரிமத்துக்கு இட்டுச்செல்லும் தங்கள் படிப்பு எந்தெந்த மாநிலங்களின் தேவையை நிறைவு செய்கிறது, எதில் செய்யவில்லை என்று கல்வி நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2020 ஜூலை முதல் அமெரிக்க மத்திய அரசின் விதி இருக்கிறது. அந்தப் பக்கம் இணையதளத்தில் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும், தேடி எடுங்கள். ஐ.டி. குடும்பங்களில் வேலை மாறினால் மாநிலமும் மாறிவிடும். மாநிலங்களுக்கு இடையே உரிமத்தை ஏற்கும் ஒப்பந்தங்கள் உண்டு, ஆனால் பெரும்பாலும் புது மாநிலம் ஒரு தேர்வையோ ஒரு பாடத்தையோ கூடுதலாகக் கேட்கும்.

இனி மூன்று வருடப் பட்டம். முடியாது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், முடியும் என்று சொன்னாலும் சரிபார்க்காமல் விடாதீர்கள். வெளிநாட்டுப் பட்டத்தை அமெரிக்கப் பட்டத்தோடு ஒப்பிட்டு அறிக்கை தருவதற்கென்று மதிப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் சில மூன்று வருட பி.எஸ்சி.யை அமெரிக்க இளநிலைக்குச் சமம் என்று எழுதித் தரும், சில மூன்று வருடக் கல்லூரிப் படிப்பு என்று மட்டும் எழுதும். பி.எஸ்சி.க்கு மேல் எம்.எஸ்சி.யோ எம்.சி.ஏ.வோ இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இதிலும் மாநிலம்தான் கடைசி வார்த்தை. பல்கலைக்கழகம் ஏற்கும் மதிப்பீட்டு நிறுவனத்தை மாநிலம் ஏற்காமல் போகலாம். கலிஃபோர்னியா தனக்கென்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. இரண்டு தரப்பும் ஏற்கும் நிறுவனமாகப் பார்த்து எடுத்தால் ஒரே செலவில் முடியும். பாடம் வாரியான மதிப்பீடாகக் கேளுங்கள். பட்டத்தை மட்டும் ஒப்பிடும் சுருக்கமான அறிக்கை இங்கே உதவாது.

ஏன் பாடம் வாரியாக? கணித உரிமம் தர வேண்டுமென்றால், நீங்கள் கால்குலஸ், நேரியல் இயற்கணிதம், வடிவியல், புள்ளியியல் எல்லாம் படித்திருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். நம் ஊர் மதிப்பெண் பட்டியலில், அதுவும் கொஞ்சம் பழையது என்றால், 'கணிதம் தாள் 3', 'அல்லைட் (துணைப் பாடம்) தாள் 2' என்றுதான் இருக்கும். அந்தத் தாளில் என்ன படித்தோம் என்று அதைப் பார்க்கிற அமெரிக்க அலுவலருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் படித்த வருடத்தின் பாடத்திட்டத்தை வாங்கி, எந்தத் தாளில் எந்தத் தலைப்புகள் என்று தாள் தாளாக எழுதி இணையுங்கள். அல்லைடாக எடுத்த புள்ளியியலைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, இங்கே அதற்கு மதிப்பு உண்டு. ஒன்றிரண்டு பாடம் குறைந்தால் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் எடுத்துவிடலாம், பல்கலைக்கழகக் கட்டணத்தைவிட அங்கே நிறையக் குறைவு. டிரான்ஸ்கிரிப்ட், அதாவது கல்லூரியின் அதிகாரப்பூர்வ மதிப்பெண் ஆவணம், வாங்கும் வேலையை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் மதிப்பெண்கள் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து வரும், பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும். ஆக இரண்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும். ஊரில் அண்ணனோ தம்பியோ நேரில் போகத் தயாராக இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.

விண்ணப்பக் கட்டுரைக்கு வருகிறேன். சிறு வயதிலிருந்தே ஆசிரியராக ஆசை, என் கணக்கு டீச்சர்தான் எனக்குத் தூண்டுதல் என்று எழுதாத ஆளே இல்லை. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தேர்வுக் குழுவுக்கு அதிலிருந்து உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. எழுத உட்காரும் முன் இங்குள்ள ஒரு பள்ளி வகுப்பில் போய் உட்காருங்கள். பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும், கைரேகை, பின்னணிச் சோதனை எல்லாம் கேட்பார்கள். பல படிப்புகள் இப்படிப் பார்த்த மணிநேரங்களை விண்ணப்பத்திலேயே கேட்கின்றன.

நான் அப்படி உட்கார்ந்திருந்த ஒரு வகுப்பில் ஒரு பையன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி 2/5 என்று எழுதியிருந்தான். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான். நமக்குப் பழக்கம் என்ன? தப்பு, பொதுப் பகுதி எடு, ஆறால் போடு என்று சொல்லிவிடுவோம். அந்த ஆசிரியர் அவன் பக்கத்தில் குனிந்து, "2/5 அரையைவிடப் பெரிசா, சின்னதா?" என்று மட்டும் கேட்டார். பையன் யோசித்து, சின்னது என்றான். "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தாய். எப்படிச் சின்னதாச்சு?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பையன் அழித்துவிட்டு, பின்னங்களைப் படமாகப் பார்க்கப் பட்டை வரைய ஆரம்பித்தான்.

கட்டுரையில் நான் எழுதியது இதைத்தான். அவர் ஏன் விடையைச் சொல்லவில்லை, விதியைச் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பையன் எதைக் கற்றிருக்க மாட்டான், என் இடத்தில் நான் என்ன கேட்டிருப்பேன் என்று. நேர்முகத் தேர்விலும் இதைப் பற்றியே வெகுநேரம் பேசினார்கள். உங்களுக்குக் கிடைக்கும் காட்சி வேறாக இருக்கும். ஒரு குழந்தை எப்படி யோசிக்கிறது என்பதை நீங்கள் உற்றுப் பார்க்கிறீர்களா என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். ஐ.டி. அனுபவத்தை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அதை ஒரு பத்தியோடு நிறுத்துங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு மேனேஜர் ஒருவர் போதும். மற்றொருவர் உங்களைக் குழந்தைகளோடு பார்த்தவராக இருக்கட்டும். வார இறுதித் தமிழ்ப்பள்ளியில் பாடம் எடுத்திருந்தால் அதன் முதல்வரிடம் தயங்காமல் கேளுங்கள். தமிழே சரியாகப் பேசவராத பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவது நிஜமான ஆசிரியர் அனுபவம், அதை விண்ணப்பத்தில் சிறிதாக்கி எழுதாதீர்கள். ஜி.ஆர்.இ. பல இடங்களில் கேட்பதில்லை. டோஃபல் பற்றி அந்தந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணமும் விசாவும் சேர்ந்தே வரும் விஷயம். படிப்பின் கடைசியில் ஒரு பருவம் முழுக்க, முழுநேரமாக, பள்ளியில் மாணவ ஆசிரியராக இருக்க வேண்டும். பெரும்பாலும் சம்பளம் கிடையாது, மாலையில் பாடக் குறிப்பு எழுதவே நேரம் போய்விடும். அந்த மாதங்களுக்கு வீட்டுச் செலவை முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். ரெசிடென்சி வகைப் படிப்புகளில் ஒரு வருடம் அனுபவமுள்ள ஆசிரியரோடு சேர்ந்து வகுப்பில் இருப்பீர்கள், உதவித்தொகையும் தருவார்கள். ஆனால் நீங்கள் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தருவது) இருந்தால், படிக்கத் தடையில்லை, சம்பளம் வாங்க வேலை அனுமதி வேண்டும். உதவித்தொகை எந்தக் கணக்கில் வரும் என்று சேர்வதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கிரீன் கார்டு இருந்தால் மத்திய அரசின் டீச் கிராண்ட் என்ற உதவித்தொகை வருடத்துக்கு 4,000 டாலர் வரை கிடைக்கும். கணிதம் தட்டுப்பாடான பாடங்களில் ஒன்று என்பதால் உங்களுக்குப் பொருந்தும். ஆனால் நிபந்தனையை நன்றாகப் படியுங்கள்: படிப்பு முடிந்த எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் வேலை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அத்தனையும் வட்டியோடு கடனாக மாறிவிடும். அப்படிப்பட்ட பள்ளியில் வேலை பார்க்க மனம் இல்லாதவர் இதை வாங்கவே கூடாது.

கடைசியாக, பெயர். டிரான்ஸ்கிரிப்டில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ சேர்த்து இன்னொரு பெயர், தேர்வுக்குப் பதிவு செய்யும்போது மூன்றாவதாக ஒன்று என்று நம்மில் பலருக்கு இருக்கிறது. மதிப்பீட்டு அறிக்கை, பிராக்சிஸ் மதிப்பெண், கைரேகை அறிக்கை மூன்றும் மாநில அலுவலகத்தில் தனித்தனியாக வந்து சேரும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் உங்கள் கோப்பில் சேராமல் எங்கேயாவது நிற்கும். பாஸ்போர்ட்டில் இருப்பதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். டிரான்ஸ்கிரிப்டில் வேறாக இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்ற நோட்டரி உறுதிமொழிப் பத்திரத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பும்போதே சேர்த்து அனுப்பிவிடுங்கள். எந்த மாநிலம், என்ன விசா என்று கீழே எழுதினால், எனக்குத் தெரிந்த அளவில் மேலும் சொல்கிறேன்.