மரண அறிவித்தலையும் சேர்த்து மறைத்துவிடாதீர்கள்

கேள்வி: ஐயா, அப்பாவுக்கு 74 வயது. காலையில் தேத்தண்ணீரோடு கைத்தொலைபேசியில் ஊர்ச் செய்தி பார்ப்பார். நாலு வரி வாசிப்பதற்குள் விளம்பரம் வந்து மறைத்துவிடுகிறது. மூடப் போனால் ஏதோ ஒரு கடைக்குள் கொண்டுபோய் விடுகிறது. நேற்று 'உங்கள் தொலைபேசியில் வைரஸ்' என்று வந்ததும் பயந்துபோய் என்னை எழுப்பினார். எழுத்தை மட்டும் வாசிக்க வழி உண்டா?
– வாசகி, கோப்பாய்

பதில்: உண்டு, பிள்ளை. முதலில் அப்பாவின் விரலில் பழியைப் போடாதீர்கள். நான் கணினிக்கு வருமுன் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன். விளம்பரம் வந்து சேராவிட்டாலும் அதற்குரிய கட்டத்தை ஒதுக்கிவிட்டுத்தான் செய்தியைக் கோப்போம். அச்சேறிய வரி அசையாது. செய்தித் தளங்கள் பலவற்றில் அந்த ஒதுக்கல் இல்லை. எழுத்து முதலில் வந்துவிடும். விளம்பரம் வேறொரு கணினியிலிருந்து பிந்தி வந்து நடுவில் குந்திக்கொண்டு எழுத்தைக் கீழே தள்ளும். அப்பா தலைப்பைத்தான் தொட்டிருப்பார். விரல் படுகிற கணத்தில் அங்கே செருப்புக்கடை வந்திருக்கும்.

வைரஸ் கதையும் விளம்பரம்தான். ஒரு இணையப் பக்கத்தால் தொலைபேசியைச் சோதித்து வைரஸ் கண்டுபிடிக்க முடியாது. எதையும் அழுத்தாமல் அந்தப் பக்கத்தை மூடிவிடச் சொல்லுங்கள்.

இனி வழிக்கு வருவோம். ஆண்ட்ராய்டு என்றால் பயர்பாக்ஸ் உலாவியை இறக்கிக் கொடுங்கள். செய்தியைத் திறந்ததும் முகவரிப் பட்டையில் தாள் போன்ற சிறு அடையாளம் தெரியும். அதைத் தொட்டால் செய்தி மட்டும் வெள்ளைத் தாளில் நிற்கும், எழுத்தையும் பெரிதாக்கலாம். ஐபோனின் சஃபாரியில் இந்த வசதியைத் தளத்துக்குத் தளம் தானாகவே வரும்படி வைக்கலாம். முகப்புப் பக்கத்தில் இது வேலை செய்யாது. நாலு வரித் துணுக்குச் செய்திகளிலும் பெரும்பாலும் அடையாளம் வராது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பிறகு என்னைத் திட்டுவீர்கள். இந்த வாசிப்புப் பார்வை, பக்கம் முழுவதும் வந்து சேர்ந்த பிறகுதான் அதைத் துடைத்துக் காட்டுகிறது. கண்ணுக்கு ஆறுதல், டேட்டா கரைவது கரைந்துகொண்டே இருக்கும். அதை மிச்சம் பிடிக்க விளம்பரத்தை வரவிடாமலே தடுக்கும் நீட்சி, அதாவது உலாவியோடு சேர்க்கும் சிறு நிரல், வேண்டும். ஆண்ட்ராய்டின் பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைச் சேர்க்கலாம், இலவசம். ஆண்ட்ராய்டுத் தொலைபேசியில் குரோம் உலாவி நீட்சிகளை ஏற்பதில்லை. அதனால்தான் உலாவியையே மாற்றச் சொல்கிறேன்.

சேர்த்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். நான் அப்படி விட்டு, பட்டவன். மனைவியின் பெரியம்மா காலமான அறிவித்தல் நாங்கள் நாள்தோறும் பார்க்கும் தளத்தில்தான் வந்திருந்தது. பக்கவாட்டில் பெட்டி போட்டு, படத்தோடு. என் தடுப்பானுக்கு அதுவும் விளம்பரம்தானே, மறைத்துவிட்டது. செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள், கனடாவிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில் அறிந்தோம். மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். உங்கள் அப்பாவும் முதலில் அந்தப் பகுதியைத்தான் தேடுவார், எனக்குத் தெரியும். மரண அறிவித்தல் போடும் தளத்தில் நீட்சியின் பெரிய பொத்தானைத் தொட்டு, அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நிறுத்திவையுங்கள். முகப்பையும் அறிவித்தல்களையும் அப்படியே பார்க்கட்டும். செய்திக்குள் போனதும் தாள் அடையாளத்தைத் தொடட்டும்.

கேள்வி: விளம்பரத்தைத் தடுத்தால் பத்திரிகைக்காரரின் வயிற்றில் அடிப்பதாகாதா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஓரளவு ஆகும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது அச்சுத்தாள் இல்லாமல் கொப்பித் தாளில் பத்திரிகை அடித்த ஊர் இது. அந்தச் சிரமம் எனக்குத் தெரியும். அசையாமல் நிற்கிற விளம்பரத்தோடு எனக்குப் பகையில்லை. நகைக்கடை விளம்பரத்தைப் பார்த்து விலை விசாரித்தவன்தான் நானும். வாசிக்கிறவனின் விரலைத் திருடுகிற விளம்பரத்தைத்தான் தடுக்கச் சொல்கிறேன். கணக்கை நேர்செய்ய ஞாயிறு இதழைக் காசு கொடுத்து வாங்குகிறேன். வாசிகசாலையில் ஓசியில் வாசித்து வளர்ந்தவனுக்கு அதுவே பெரிய திருத்தம்.

கேள்வி: நான் எந்தச் செயலியும் இறக்கவில்லை. ஆனாலும் இரவு இரண்டு மணிக்குக்கூட 'பரபரப்பு' என்று தொலைபேசி மணி அடிக்கிறது. ஏன்?
– வாசகர், நல்லூர்

பதில்: எப்போதோ ஒரு தளம் 'அறிவிப்பு அனுப்பலாமா' என்று கேட்டிருக்கும், தொல்லை விட்டால் போதும் என்று 'அனுமதி'யைத் தொட்டிருப்பீர்கள். குரோமின் அமைப்புகளில் தள அமைப்புகளுக்குள் போய் 'அறிவிப்புகள்' என்பதைத் திறந்தால் அனுமதி பெற்ற தளங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாகத் தடுத்துவிடுங்கள். என் மனைவியின் தொலைபேசியில் 14 தளங்கள் இருந்தன. சோதிடத் தளங்கள் இரண்டையும் மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.